தமிழில் ஸ்லைடு தயாரிப்பது எப்படி? கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி வேலை செய்கிறேன். பருவத்தேர்வு நெருங்கினால் கல்லூரி மாணவர்கள் பென் டிரைவோடு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு அடுத்தபடியாக ஆசிரியர்கள், பிறகு மகளிர் குழுவினர். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஸ்லைடைக் கொஞ்சம் அழகாக்கிக் கொடுங்கள்." அழகு கிடக்கட்டும். கடைசி நாற்காலியில் இருப்பவரால் படிக்க முடிகிறதா என்பதை முதலில் பார்ப்போம்.

பவர்பாயிண்ட்டைத் திறப்பது, புதிய ஸ்லைடு சேர்ப்பது, படம் செருகுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் தாள், பேனா

ஒரு ஸ்லைடுக்கு ஒரு வாக்கியம். அதை எழுத முடியவில்லை என்றால் அந்த ஸ்லைடே தேவையில்லை. "தானே புயல்" என்பது வெறும் தலைப்பு. அதைப் பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. "பண்ருட்டியின் முந்திரியையும் பலாவையும் தானே புயல் சாய்த்தது" என்பது செய்தி. இதை மேலே போடுங்கள். கீழே சாய்ந்த மரத்தின் படம் ஒன்று, ஓரத்தில் "2011 டிசம்பர் 30" என்று தேதி. போதும். புயல் எங்கே உருவானது, எப்படி நகர்ந்தது என்பதை எல்லாம் நீங்கள் வாயால் சொல்லப்போகிறீர்கள். அதையே திரையிலும் எழுதிவைத்தால், கூட்டம் உங்களை விட்டுவிட்டுத் திரையைப் படிக்கத் தொடங்கும்; நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போது அவர்கள் ஆறாவது வரியை முடித்திருப்பார்கள்.

படி 2: எழுத்துரு

தமிழ் ஸ்லைடுகள் பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். என்னை நெடுநாள் படுத்தியதும் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக் கணினியில் முத்து முத்தாகத் தெரிந்த தமிழ், அரங்கத்துக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக நிற்கும். புதுச்சேரியில் ஒரு கருத்தரங்கில், பேச வந்த பெரியவர் அப்படிப்பட்ட திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை. கோப்பு பாமினியில் அடித்தது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் உருவம் வரைந்து மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் தமிழுக்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு. எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும்.

உங்கள் கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றுங்கள். ஆங்கிலக் குப்பையாக மாறினால் பழைய வகை. தமிழாகவே இருந்தால் யூனிகோடு.

பழைய வகை என்றால் என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்குங்கள். இதில் இரண்டு பொறிகள் உள்ளன. ஒன்று, இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அந்த மென்பொருள் அதையும் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும்; ஆகவே தமிழ்ப் பகுதியை மட்டும் கொடுங்கள். இரண்டு, மாற்றியதை ஸ்லைடில் ஒட்டும்போது சாதாரணமாக ஒட்டாதீர்கள். 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற தேர்வில் ஒட்டி, எழுத்துருவை மாற்றுங்கள். இல்லையென்றால் அந்தப் பெட்டியில் பாமினி ஒட்டிக்கொண்டே இருக்கும். தமிழ் சரியாகத் தெரிவதால் உங்களுக்குச் சந்தேகம் வராது. பிறகு அங்கே ஓர் ஆங்கிலச் சொல்லை அடித்தால் பொருளில்லாத தமிழ் முளைக்கும்.

எந்த எழுத்துரு? என் தேர்வு நிர்மலா யூஐ. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது, எந்த அரங்கத்திலும் கைவிடாது. லதா எழுத்துரு எல்லாக் கணினியிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தனியாகச் சேர்க்க வேண்டிய கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. கொஞ்சம் நளினம் வேண்டும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. நான் தலைப்புக்கு முக்தா மலரைத் தடித்த வடிவில் வைப்பேன். அழைப்பிதழ் எழுத்துருக்களை அழைப்பிதழோடு விட்டுவிடுங்கள். தமிழைச் சாய்த்துப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து இருக்கிறது.

படி 3: அளவு

பவர்பாயிண்ட் ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 புள்ளி (எழுத்தை அளக்கும் 'பாயிண்ட்'). 27 புள்ளியில் அடித்தால் எழுத்தின் அளவு திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்கு. தலைப்புக்குக் கீழே வரும் எழுத்துக்கு நான் 28க்குக் கீழே இறங்குவதில்லை, தலைப்பு 40. ஆனால் எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஒரே 28 புள்ளியில் விஜயா சிறுத்தும் லதா பெருத்தும் தெரியும்.

ஆகவே கண்ணால் சோதியுங்கள். அரங்கத்தில் ஐந்தடி உயரத் திரை, கடைசி வரிசை முப்பது அடி தள்ளி என்றால், தூரம் திரை உயரத்தைப் போல ஆறு மடங்கு. 15.6 அங்குல லேப்டாப்பின் திரை உயரம் ஏறக்குறைய ஏழரை அங்குலம். அதன் ஆறு மடங்கு நான்கடிக்குச் சற்றுக் குறைவு. ஸ்லைடை முழுத்திரையில் ஓடவிட்டு நான்கடி தள்ளி நின்று படியுங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் எழுத்தைப் பெரிதாக்காதீர்கள், வரியைக் குறையுங்கள். எழுத்து தானாகப் பெரிதாக இடம் கிடைக்கும்.

2013 பதிப்பு முதல் பவர்பாயிண்ட் 16:9 (அகலத்துக்கு உயரம்) அளவில்தான் திறக்கும். பள்ளிகளில் இன்னும் 4:3 புரொஜெக்டர்கள் உண்டு. அதில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து எழுத்து சிறுத்துவிடும். முன்கூட்டியே கேட்டு 'டிசைன்' பகுதியில் 'ஸ்லைடு சைஸ்' மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: வரி

வரிக்கு ஆறு சொல், ஸ்லைடுக்கு ஆறு வரி என்று ஒரு விதி சொல்வார்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. "கொண்டுவரப்பட்டிருக்கின்றன" என்பது நமக்கு ஒரே சொல். தமிழில் ஒரு வரிக்கு நான்கு சொல்லே அதிகம். முதலில் வெட்ட வேண்டியது இந்த நீண்ட வினைமுற்றுகளைத்தான். "நிவாரணப் பொருட்கள் வழங்கப்பட்டிருக்கின்றன" என்பதை "நிவாரணம் வழங்கியாயிற்று" என்று எழுதினால் பாதி இடம் மிச்சம்.

இருபுறமும் சமமாக நிரப்பும் 'ஜஸ்டிஃபை' வேண்டாம். நீளச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடப்பக்கம் ஒட்டி அடியுங்கள். வரி எங்கே உடைய வேண்டும் என்பதைக் கணினியிடம் விடாமல், பொருள் முடியும் இடத்தில் ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தி நீங்களே உடையுங்கள். வரி இடைவெளி 1.2 வையுங்கள். மேல் வரியின் 'கூ' வாலும் கீழ் வரியின் 'கீ' சுழியும் இடித்துக்கொள்ளாது.

படி 5: நிறம்

வெள்ளைப் பின்னணி, கறுப்பு அல்லது அடர்நீல எழுத்து. நம் பக்கத்து மண்டபங்களில் ஜன்னல் அதிகம், திரைச்சீலை குறைவு. பகல் பதினொரு மணிக்கு இருண்ட பின்னணி ஸ்லைடு சாம்பலாக வெளுத்துவிடும். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து வேண்டவே வேண்டாம். வெள்ளையின் மேல் மஞ்சள் எழுத்து புரொஜெக்டரில் காணாமல் போகும்.

படி 6: வரைபடம்

கடலூரின் மாத மழையளவை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எக்செல் பன்னிரண்டு தூண்களைப் போட்டு, பின்னால் கோடுகள், ஓரத்தில் குறிவிளக்கம் ('லெஜண்ட்') என்று தந்துவிடும். கோடுகளையும் குறிவிளக்கத்தையும் அழியுங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் தூண்களை மட்டும் நீலமாக்கி, மீதி ஒன்பதையும் சாம்பலாக்குங்கள். நீலத் தூண்களின் தலையில் மட்டும் அளவை எழுதுங்கள். மேலே: "கடலூரின் மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்." நீங்கள் வாய் திறக்கும் முன்பே கூட்டத்துக்குப் புரிந்திருக்கும். படங்கள் விக்கிமீடியா காமன்ஸில் கிடைக்கும். எடுத்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் மூலையில் போட்டுவிடுங்கள்.

அனிமேஷன் பற்றி நான் எழுதப்போவதில்லை. பறந்து வரும் எழுத்துகளை எனக்குப் பிடிக்காது.

படி 7: கொண்டுபோகும் கோப்பு

நிர்மலா தவிர வேறு எழுத்துரு வைத்திருந்தால் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' என்று போய், எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும் பெட்டியில் டிக் அடியுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். பவர்பாயிண்ட் கோப்பு மக்கர் செய்தால் அது காப்பாற்றும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

மேடையில் இரண்டு விசைகள் நினைவிருக்கட்டும். 'பி' விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும், கூட்டம் உங்களைப் பார்க்கும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு திரும்பும். யாராவது ஏழாவது ஸ்லைடைக் கேட்டால் 7 அடித்து என்டர்.

பிற்சேர்க்கை 1: லிப்ரே ஆபிஸ் வைத்திருக்கும் ஆசிரியை ஒருவர் எழுத்துருவைப் பதிப்பது எப்படி என்று கேட்டார். 'ஃபைல்', 'பிராப்பர்டீஸ்' போய் 'ஃபாண்ட்' பகுதியைப் பாருங்கள், அங்கே இருக்கிறது.

பிற்சேர்க்கை 2: "எல்லாவற்றையும் யூனிகோடாக்கிவிட்டேன், வரைபடத்தில் மட்டும் மாதப் பெயர்கள் குப்பையாக வருகின்றன" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அந்தப் பெயர்கள் ஸ்லைடில் இல்லை, வரைபடத்துக்குப் பின்னால் இருக்கும் எக்செல் தாளில் இருக்கின்றன. வரைபடத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'எடிட் டேட்டா' கொடுத்தால் தாள் திறக்கும். பெயர்களை அங்கே யூனிகோடில் அடித்துவிட்டு, வரைபடத்தின் எழுத்துருவையும் நிர்மலாவுக்கு மாற்றுங்கள். 'அவுட்லைன்' காட்சியை வைத்துச் சரிபார்ப்பவர்களும் கவனிக்க: நீங்களாகச் செருகிய டெக்ஸ்ட் பாக்ஸ்கள் அதில் தெரியாது. ஒவ்வொரு ஸ்லைடாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.