கைப்பையிலா, செக்-இன் பெட்டியிலா? விமானப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமான நிலையச் சோதனையில் பிடிபடும் பல பொருட்கள் விமானத்தில் ஏற்றவே கூடாதவை அல்ல. வேறு பையில் இருந்திருந்தால் தடையில்லாமல் போயிருக்கும். கத்தரிக்கோலைக் கைப்பையில் வைத்திருப்பார்கள். பவர் பேங்கைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருப்பார்கள். "எது ஆபத்தோ அதைச் செக்-இன் பெட்டிக்குள் தள்ளிவிடு" என்ற எண்ணம்தான் இதற்கு மூலகாரணம். அது பாதி உண்மை மட்டுமே.

விதிகளுக்குப் பின்னால் இரண்டு அச்சங்கள் உள்ளன. ஒன்று, பயணி ஒருவர் அந்தப் பொருளால் பிறருக்குத் தீங்கு செய்துவிடுவாரோ என்பது. அப்படிப்பட்டவை அவர் கைக்கு எட்டாத சரக்கறைக்குப் போக வேண்டும். மற்றொன்று, யாரும் தொடாமலே அந்தப் பொருள் தீப்பிடித்துவிடுமோ என்பது. அத்தகைய மின்கலங்கள் ஆட்கள் இருக்கும் இடத்தில், கண்ணெதிரே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பவர் பேங்க் இரண்டாவது வகை. அதனுள் இருக்கும் லித்தியம் மின்கலம் ஒன்று அளவுமீறிச் சூடானால், அந்தச் சூடு பக்கத்து மின்கலத்தையும் கிளப்பிவிடும். சரக்கறையில் தீயை அடக்க ஹாலான் வாயு உண்டு. அது சுவாலையை அடக்கும். ஆனால் மின்கலத்தைக் குளிர்விக்காது. பயணியர் பகுதியில் புகை கிளம்பினால் பணிப்பெண்களோ பயணிகளோ உடனே கவனிப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அதனால்தான் தனி லித்தியம் மின்கலங்களும் பவர் பேங்குகளும் கைப்பையில் மட்டுமே வர வேண்டும் என்பது உலகெங்கும் ஒரே விதி. மின்-சிகரெட்டுக்கும் இதே கணக்குதான். அதைச் சில நாடுகள் உள்ளே கொண்டுவரவே விடுவதில்லை என்பது வேறு சிக்கல்.

மின்கலத்தின் அளவு வாட்-மணியில் (Wh, அது தேக்கும் ஆற்றல்) பார்க்கப்படுகிறது; பவர் பேங்கின் மேல் எழுதியிருப்பதோ பெரும்பாலும் எம்.ஏ.எச் (mAh, அது தேக்கும் மின்னூட்டம்). குழப்பம் இங்கேதான். எம்.ஏ.எச் எண்ணை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 20,000 எம்.ஏ.எச் என்றால் 74 வாட்-மணி; கவலையில்லை. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணியின் பையில் இடமே இல்லை. எழுத்து அழிந்து எண் தெரியாத பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சோதனை அதிகாரி உங்கள் வாய்வார்த்தையை நம்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீக்கிரையானது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரிவித்தார்கள். அதன் பிறகு அந்நாடு, பவர் பேங்கைத் தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்கக் கூடாது என்று விதித்தது. எமிரேட்ஸ் 2025 அக்டோபரிலிருந்து விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே தடை போட்டது. ஆகவே 'போன முறை விட்டார்களே' என்பது இந்த விஷயத்தில் செல்லாது.

இன்னொரு கண்ணி, ஏறும் வாசலில் இருக்கிறது. மேலடுக்கில் இடமில்லை என்று ஊழியர் உங்கள் கைப்பெட்டியை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பப் பார்ப்பார். பின்னால் வரிசை நெருக்கும், அவசரத்தில் கொடுத்துவிடுவோம். உள்ளே பவர் பேங்க் இருந்தால் அந்த நொடியிலிருந்து அது விதிமீறல். மருந்து, பாஸ்போர்ட், பவர் பேங்க் மூன்றையும் பெட்டிக்குள் ஒரு சிறு பையில் தனியாக வைத்திருந்தால், ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

இனி திரவங்கள். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்டது. 100 மில்லிலிட்டர் விதி அதன் விளைவு. இதில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்றுதான்: கணக்கில் வருவது புட்டியின் கொள்ளளவு, உள்ளே மிச்சமிருப்பது அல்ல. பாதிக்கு மேல் பிதுக்கித் தீர்த்து, அடியிலிருந்து சுருட்டி வைத்த 150 மில்லிலிட்டர் பற்பசைக் குழாய் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். பற்பசையும் திரவமா என்று கேட்காதீர்கள். குழையக்கூடியது, பிசுபிசுப்பது, பீய்ச்சுவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தேன், ஜாம், தயிர் உட்பட. இவை அனைத்தும் ஒரு லிட்டர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். கைக்குழந்தைக்கான பாலுக்கும் பயணத்துக்குத் தேவையான மருந்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் சோதனைக்கு முன்பே அதைச் சொல்லி வெளியே எடுத்துக் காட்ட வேண்டும், மருந்துக்கு மருத்துவர் சீட்டும் கையில் இருப்பது நல்லது.

பைக்குள் இருப்பதை முப்பரிமாணப் படமாகக் காட்டும் புதிய சி.டி. ஸ்கேனர்கள் வந்த சில இடங்களில் இந்த விதி தளர்ந்திருக்கிறது. எடின்பரோ விமான நிலையம் 2025-இல் இரண்டு லிட்டர் வரை அனுமதித்தது. கிளம்பும் ஊரில் இப்படி விட்டார்கள் என்று திரும்பும்போதும் பெரிய புட்டியோடு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். எந்த நிலையத்தில் சோதனையோ, அந்த நிலையத்தின் விதிதான்.

இடையில் விமானம் மாறுபவர்கள் இழப்பது பெரும்பாலும் வரியில்லாக் கடையில் வாங்கிய மதுவையும் வாசனைத் திரவியத்தையும்தான். கடையில் முத்திரையிட்டுத் தரும் பையைக் கடைசி ஊர் போய்ச் சேரும்வரை பிரிக்காதீர்கள், ரசீது உள்ளேயே தெரியட்டும். 'சும்மா முகர்ந்து பார்த்தேன்' என்ற காரணம் அடுத்த சோதனையில் எடுபடாது.

கூரான பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் 6 சென்டிமீட்டருக்குட்பட்ட கத்தி அலகை அனுமதிப்பார்கள், வேறு நாட்டில் அதையே பிடுங்குவார்கள். செக்-இன் பெட்டியில் உறையிட்டு வைத்துவிட்டால் வம்பே இல்லை. பல கருவிகள் மடிந்த சாவிக்கொத்துதான் மறந்துபோகும் பொருள். கிளம்பும் முன் கைப்பையின் எல்லாப் பக்கப் பைகளையும் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று பிடிபட்டால் வாதாடாதீர்கள். எதை விடலாம் என்ற முடிவு சோதனை அதிகாரியுடையது. 'குண்டா வைத்திருக்கிறேன்?' என்று எரிச்சலில் கேட்டுவிட்டால் விமானத்தைத் தவறவிடுவதோடு வழக்கும் சேர்ந்துகொள்ளும். நேரமிருந்தால், திரும்பிப் போய் அந்தப் பொருளைச் செக்-இன் செய்ய முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் விடுவார்கள். வழியனுப்ப வந்தவர் இன்னும் வெளியே நின்றால் அவரிடம் கொடுத்தனுப்பலாம்.