வைரஸ் இரண்டாகப் பிரியாது: செல்லையும் வைரஸையும் குழப்பும் தவறுகள்

"வைரஸ் செல்லுக்குள் போய் இரண்டாகி, நான்காகிப் பெருகும்" என்று எழுதும் மாணவர்கள் நிறைய. இரண்டாகப் பிரிவது செல்தான். உள்ளே நுழைந்த வைரஸின் உறை கழன்றுவிடும். சில மணி நேரம் செல்லுக்குள் முழு வைரஸ் ஒன்றுகூட இருக்காது. மரபுப்பொருள் ஒருபக்கம் நகலாகும், செல்லின் ரைபோசோம்கள் புரதங்களைச் செய்து தரும், அப்புறம்தான் இரண்டும் சேர்ந்து புது வைரஸ்கள் உருவாகும்.

டி.என்.ஏ. இரட்டிப்பதை, செல் இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸில் சேர்க்காதீர்கள். அது முன்பே, எஸ் கட்டம் என்ற டி.என்.ஏ. நகலாகும் கட்டத்தில் முடிந்துவிடும். அப்போதும் மனித செல்லில் குரோமோசோம்கள் 46தான், ஒவ்வொன்றிலும் இரண்டாக இருக்கும் நகல் இழைகளான குரோமாட்டிட்கள்தான் 92.

"டி.என்.ஏ. வைரஸ் என்றால் உட்கரு, ஆர்.என்.ஏ. என்றால் சைட்டோபிளாசம்" என்ற மனப்பாடமும் கைவிடும். இன்ஃப்ளுயென்சா ஆர்.என்.ஏ. வைரஸ், ஆனால் உட்கருவில் நகலாகிறது. பெரியம்மை வைரஸ் டி.என்.ஏ. கொண்டது, ஆனால் உட்கருப் பக்கமே போகாமல் சைட்டோபிளாசத்தில் வேலையை முடிக்கும். டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தேவையான பாலிமரேஸ் என்ற நொதி அதனிடமே இருக்கிறது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்.பி.வி. வைரஸிடம் அந்த நொதி இல்லை. அதன் மரபுப்பொருள் சுமார் 8,000 காரஇணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) கொண்ட சின்ன டி.என்.ஏ. வளையம், நகலெடுக்க செல்லின் நொதிகளைத்தான் நம்பியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அது பெருகும் மேலடுக்குச் செல்கள் பிரிவதை நிறுத்தப்போகிறவை. அங்கே இ7 என்ற வைரஸ் புரதம், செல்லைத் தடுத்து நிறுத்தும் ஆர்.பி. புரதத்தைப் பிடித்துக்கொள்ள, அதன் பிடியிலிருந்த இ2எஃப் என்ற தூண்டும் புரதம் விடுபட்டு செல்லை எஸ் கட்டத்துக்குத் தள்ளுகிறது. இந்த முறைகேட்டைக் கண்டு பி53 என்ற காவல் புரதம் செல்லை நிறுத்தும் அல்லது சாகடிக்கும். அதற்கு வழிவிடாமல் இ6 என்ற இன்னொரு வைரஸ் புரதம் பி53-ஐச் சிதைத்துவிடுகிறது.

இதைப் படித்ததும், புற்றுநோயை உண்டாக்குவதே வைரஸின் நோக்கம் என்று முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. கருப்பைவாய்ப் புற்றுகள் பலவற்றில் வைரஸ் டி.என்.ஏ. செல்லின் குரோமோசோமுக்குள் செருகிக்கொண்டிருக்கும். அப்போது இ6, இ7 மரபணுக்களை அடக்கிவைக்கும் இ2 மரபணு பெரும்பாலும் உடைந்துபோகும். அந்தச் செல் கட்டுப்பாடின்றிப் பிரியும், ஆனால் அதிலிருந்து புது வைரஸ் வெளிவராது. வைரஸுக்கும் அது முட்டுச்சந்துதான்.

எல்லாப் புற்றிலும் பி53 மரபணு கெட்டிருக்கும் என்பதும் சரியல்ல. 1951-இல் ஒரு கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டு இன்றும் ஆய்வகங்களில் வளரும் ஹீலா செல்களில் அந்த மரபணு நன்றாகவே இருக்கிறது; இ6தான் பி53 புரதத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. அவற்றுக்குள் இ2-ஐத் திரும்பச் செலுத்தினால் பி53 மீண்டும் தலைதூக்கும், பிரிதல் நின்றுவிடும்.

எச்.பி.வி. தடுப்பூசி போட்டால் இந்த வைரஸே உடலில் பெருகிவிடுமோ என்று பெற்றோர் பயப்பட வேண்டாம். அதில் இருப்பது வைரஸின் வெளிக்கூட்டுப் புரதமான எல்1-ஆலான வெற்றுக்கூடு மட்டும். நகலாவதற்கு உள்ளே டி.என்.ஏ. கிடையாது.