என்.பி.ஏ. லீக்கைப் புரிந்து பின்தொடர்வது எப்படி: மலையக வாசகருக்கு ஒரு வழிகாட்டி

மலையகத்தில் நாம் பார்த்து வளர்ந்த போட்டிகள் பெரும்பாலும் நொக் அவுட் முறையில் நடப்பவை. தோட்டங்களுக்கிடையிலான கரப்பந்தாட்டமாகட்டும், சித்திரைப் புத்தாண்டையொட்டி நடக்கும் மென்பந்து கிரிக்கெட்டாகட்டும், தோற்ற அணி அன்று மாலையே மூட்டை கட்டிவிடும். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.யின் புள்ளிப்பட்டியலைத் திறப்பவருக்கு எதுவும் எளிதில் பிடிபடாது. அங்கே 30 அணிகள் ஒவ்வொன்றும் 82 ஆட்டங்கள் ஆடுகின்றன. 1995இல் ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் அணி 35 ஆட்டங்களில் தோற்ற பிறகும் சம்பியனானது. கடைசி இடத்துக்கு வரும் அணியை யாரும் வெளியேற்றுவதில்லை. அடுத்த பருவத்தின் மிகச் சிறந்த இளம் வீரரைப் பெறும் வாய்ப்பு அத்தகைய அடிமட்ட அணிகளுக்கே அதிகம் கிடைக்கிறது.

இந்த லீக்கின் விதிகளை வரிசையாக மனனம் செய்ய முயல்பவர் இரண்டாம் கிழமையில் சலித்துப்போவார் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு விதியைச் சந்திக்கும்போதும் அது யாருக்கு நட்டம் வந்ததால் பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் விதி தானாக மனத்தில் நிற்கும்.

முதலில், இதை ஆரம்பித்தவர்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

1946 ஜூன் 6ஆம் திகதி நியூயோர்க்கில் இந்த லீக்கை அமைத்தவர்களில் பெரும்பாலானோர் பெரிய உள்ளக அரங்குகளின் சொந்தக்காரர்கள். அவர்களுடைய அரங்குகளில் ஐஸ் ஹொக்கி நடந்தது. ஹொக்கி இல்லாத இரவுகளில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அந்த இரவுகளுக்குச் சீட்டு விற்பதற்காகவே 11 அணிகளுடன் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் உருவானது. அதன் முதல் தலைவரான மொரிஸ் பொடொலொஃப் அப்போதே ஒரு ஹொக்கி லீக்கின் தலைவராகவும் இருந்தார். முதல் ஆட்டம் அதே ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி கனடாவின் டொரொன்டோ நகரில் நடந்தது. டொரொன்டோ ஹஸ்கீஸ் அணியின் மிக உயரமான வீரரைவிட உயரமானவர் வந்தால் அவருக்கு நுழைவு இலவசம் என்று விளம்பரம்கூடச் செய்தார்கள். நியூயோர்க் நிக்கர்பொக்கர்ஸ் 68–66 என்று வென்றது. ஹஸ்கீஸ் அந்த ஒரு பருவத்தோடு கலைந்துபோனது. இன்று டொரொன்டோவில் இருக்கும் உறவினர்கள் ரப்டர்ஸ் சட்டை போட்டுப் படம் அனுப்புகிறார்களே, அந்த அணி 1995இல் வந்த வேறோர் அணி; அது 2019இல் கிண்ணத்தையும் வென்றது.

இந்தத் தொடக்கத்தைத் தெரிந்துகொண்டால் லீக்கின் அடிப்படை அமைப்பு விளங்கிவிடும். ஐரோப்பியக் கால்பந்தில் இருப்பதுபோல் கீழ்ப்பிரிவிலிருந்து வென்று மேலே வரும் வழியோ, தோற்றுக் கீழே இறங்கும் அபாயமோ இங்கே கிடையாது. ஓர் அணி என்பது ஒரு நகரத்தில் தொழில் நடத்துவதற்கான உரிமம். புதிதாக வருபவர் கட்டணம் செலுத்தித்தான் உள்ளே வரவேண்டும், வருமானம் போதாவிட்டால் மற்ற உரிமையாளர்களின் சம்மதத்தோடு வேறு நகரத்துக்குப் போகலாம். 1949இல் போட்டி லீக் ஒன்றுடன் இணைந்து என்.பி.ஏ. என்ற பெயரைப் பெற்றபோது 17 அணிகள் இருந்தன. 1954–55 பருவத்தில் எட்டுத்தான் மிஞ்சின. பிழைத்த சிறு நகர அணிகளும் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன: ஃபோர்ட் வெய்ன் அணி டெட்ரொய்ட்டுக்கும், மினியாபொலிஸ் லேக்கர்ஸ் லொஸ் ஏஞ்சலிஸுக்கும், சிரக்கியூஸ் அணி பிலடெல்ஃபியாவுக்கும் போயின. எனவே ஓர் அணியை உங்கள் அணியாகத் தெரிவுசெய்யுமுன் அது இதற்கு முன் எந்த ஊர்களில் இருந்தது என்று பார்த்துவிடுங்கள். அதன் கதையில் பாதி அங்கேதான் இருக்கும்.

பிறகு, கூடைக்கு மேலே ஓடும் கடிகாரத்தைப் பாருங்கள்

ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கும் ஒருவருக்கு நான் சொல்லும் முதல் வேலை, பந்தைவிட அதிகமாக 24 செக்கன் கடிகாரத்தைக் கவனிப்பதுதான். அது வந்த கதை இது. 1950 நவம்பர் 22ஆம் திகதி ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் மினியாபொலிஸுக்கு ஆடப் போனது. லேக்கர்ஸ் அணியின் நெடிய வீரரான ஜோர்ஜ் மைக்கனை எதிர்கொள்ள வழி தெரியாமல், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடைப் பக்கமே போகாமல் நேரத்தைக் கடத்த பிஸ்டன்ஸ் முடிவெடுத்தது. அப்போது அதைத் தடுக்க விதி இல்லை. பார்வையாளர்கள் கூச்சலிட்டும் பயனில்லை. கடைசிக் கால்பகுதியில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்தது நான்கே புள்ளிகள். ஆட்டம் 19–18 என்று பிஸ்டன்ஸ் பக்கம் முடிந்தது; லேக்கர்ஸின் 18இல் 15 மைக்கன் எடுத்தவை. இன்றுவரை இந்த லீக்கில் இதைவிடக் குறைந்த புள்ளிகளுடன் முடிந்த ஆட்டம் இல்லை.

இப்படியே போனால் சீட்டு வாங்க ஆள் வராது என்று உரிமையாளர்களுக்குப் புரிந்தது. சிரக்கியூஸ் அணியின் சொந்தக்காரரான டனி பியாசோன் ஒரு போலிங் விளையாட்டுக்கூடம் நடத்திவந்தவர். அவர் கணக்கு மிக எளிமையானது. விறுவிறுப்பான ஆட்டங்களில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 தடவை கூடையை நோக்கி எறிகின்றன, ஆட்டத்தின் 48 நிமிடங்கள் 2,880 செக்கன்கள், வகுத்தால் 24. 1954–55 பருவத்தில் விதி நடைமுறைக்கு வந்தது. முந்தைய பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 79.5 புள்ளிகள் எடுத்த நிலை மாறி, அந்தப் பருவத்தில் 93.1 ஆனது. அந்த ஆண்டின் இறுதிப்போட்டியில் சிரக்கியூஸிடம் தோற்ற அணி வேறெதுவுமல்ல, அதே ஃபோர்ட் வெய்ன்தான்.

கடிகாரம் 24இலிருந்து 8க்கு இறங்கும்போது ஓர் அணி என்ன செய்கிறது என்று மட்டும் சில ஆட்டங்கள் பாருங்கள். நல்ல அணி அதற்குள் இரண்டு முறையாவது பந்தைப் பக்கம் மாற்றியிருக்கும். திணறும் அணியில் ஒருவர் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்பார். அறிவிப்பாளர் சொல்லாமலே இது உங்களுக்குத் தெரியத் தொடங்கும்.

புள்ளிப்பட்டியலை வாசிக்கும் முறை

கிழக்கு, மேற்கு என்று இரண்டு மண்டலங்கள், மண்டலத்துக்கு 15 அணிகள், ஒவ்வொரு மண்டலத்திலும் ஐந்து அணிகள் கொண்ட மூன்று பிரிவுகள். 82 என்ற எண் வரும் வழி இது: தன் பிரிவில் உள்ள நான்கு அணிகளோடு நான்கு முறை ஆடினால் 16, தன் மண்டலத்தின் மற்றப் பத்தில் ஆறு அணிகளோடு நான்கு முறை, அது 24, எஞ்சிய நான்கோடு மூன்று முறை, அது 12, மற்ற மண்டலத்தின் 15 அணிகளோடு இரண்டு முறை, அது 30. பாதி ஆட்டங்கள் சொந்த ஊரில், பாதி வெளியூரில்.

இங்கே வெற்றிக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு இல்லை. வெற்றி வீதமே வரிசையைத் தீர்மானிக்கிறது. பட்டியலில் நம்மவர்களை அதிகம் குழப்புவது, முதல் அணியிலிருந்து எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் நிரல். முதல் அணி 30 வெற்றி, 12 தோல்வி. உங்கள் அணி 27 வெற்றி, 14 தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி வித்தியாசம் 3, தோல்வி வித்தியாசம் 2, கூட்டினால் 5, அதில் பாதி இரண்டரை. இரண்டரை ஆட்டம் பின்னால் நிற்கிறீர்கள் என்று பொருள். டிசம்பரில் அது பெரிய இடைவெளி அல்ல, ஏப்ரலில் மிகப் பெரியது.

பருவம் ஒக்டோபரில் தொடங்கி, வழக்கமான சுற்று ஏப்ரல் நடுப்பகுதியில் முடிகிறது. நியூயோர்க்கில் இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் நவம்பர் முதல் மார்ச் முற்பகுதி வரை நமக்கு மறுநாள் காலை 6 மணிக்கு வரும். தோட்டத்தில் பிரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் வேளை. அவர்கள் கோடைகால நேரத்துக்கு மாறிய பிறகு அதுவே காலை 5 மணி. லொஸ் ஏஞ்சலிஸ் ஆட்டமென்றால் குளிர்காலத்தில் காலை 9 மணி. பாடசாலை போகும் பிள்ளைகளுக்கு இது தோதான நேரம் அல்ல. அதனால்தான் புதிதாகத் தொடங்குபவருக்கு நத்தார் தினத்தைப் பரிந்துரைக்கிறேன்: அன்று ஐந்து ஆட்டங்கள் அடுத்தடுத்து வைப்பது இப்போது வழக்கம், நியூயோர்க் நேரம் நண்பகலில் தொடங்கும் முதல் ஆட்டம் நமக்கு அன்றிரவே 10.30க்கு வந்துவிடுகிறது, விடுமுறையும்கூட. மற்ற நாட்களில் டேட்டாவை வீணாக்காமல் ஆட்ட முடிவு அட்டவணையை வாசியுங்கள். ஒரு வீரர் 30 புள்ளிகள் எடுத்தார் என்பதைவிட, எத்தனை எறிதல்களில் எடுத்தார் என்பதே அதில் பார்க்கவேண்டியது.

சம்பளக் கணக்கை ஒதுக்கிவிடாதீர்கள்

பலர் இந்தப் பகுதி வந்ததும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் கூட்டு ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த மலையகத்தவருக்கு, தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்த கதை தெரிந்திருப்பதால், இந்த லீக்கில் மிக எளிதாகப் புரியக்கூடியது இதுதான். 1954இல் பொஸ்டன் அணியின் பொப் கூசி வீரர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். உரிமையாளர்கள் பல ஆண்டுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1964 ஜனவரி 14ஆம் திகதி பொஸ்டனில் நட்சத்திர வீரர்களின் ஆட்டம். தேசியத் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பக் காத்திருக்கிறது. ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதி தராவிட்டால் அரங்குக்குள் வரமாட்டோம் என்று இரு அணி வீரர்களும் உடை மாற்றும் அறையிலேயே இருந்துவிட்டார்கள். லீக்கின் தலைவர் வோல்ட்டர் கென்னடி வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது.

இதற்கிடையே 1967இல் ஏ.பி.ஏ. என்ற எதிர் லீக் வந்து, சிவப்பு, வெள்ளை, நீலப் பந்தோடும் மூன்று புள்ளி எறிதலோடும் வீரர்களை ஏலம் கேட்பதுபோல் இழுத்தது. 1976இல் அதன் நான்கு அணிகள் என்.பி.ஏ.க்குள் வந்தன: டென்வர், இண்டியானா, சான் அன்டோனியோ, நியூயோர்க் நெட்ஸ். உள்ளே சேர்க்கப்படாத செயின்ட் லூயிஸ் அணியின் சொந்தக்காரர்களான சில்னா சகோதரர்கள், ஒதுங்கிப்போவதற்கு விலையாக அந்த நான்கு அணிகள் ஒவ்வொன்றின் தொலைக்காட்சி வருமானத்திலும் ஏழில் ஒரு பங்கை, லீக் இருக்கும்வரை, எழுதி வாங்கிக்கொண்டார்கள். அணியே இல்லாமல் பல பருவங்கள் பணம் பெற்ற அவர்களின் பிடியிலிருந்து விடுபட, லீக் 2014இல் பெருந்தொகை கொடுத்து உடன்பாடு காணவேண்டி வந்தது. மூன்று புள்ளிக் கோட்டை என்.பி.ஏ. 1979–80இல் ஏற்றுக்கொண்டது.

1980களின் தொடக்கத்தில் பல அணிகள் நட்டத்தில் ஓடியதால் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: வருமானத்தில் வீரர்களுக்கு ஒரு நிச்சயப் பங்கு, பதிலுக்கு ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு. 1984–85இல் அது 36 இலட்சம் டொலர். 2024–25இல் 14 கோடி டொலரைத் தாண்டியது. ஆனால் இது இளகிய வரம்பு. தன் சொந்த வீரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம் என்ற விலக்கு இருக்கிறது. பொஸ்டன் வீரர் லரி பேர்டின் பெயரால் அதை அழைக்கிறார்கள். அளவுக்கு மீறித் தாண்டினால் வரி உண்டு. வரம்பைத் தாண்டிய அணி வீரரை மாற்றிக்கொள்ளும்போது போகிற சம்பளமும் வருகிற சம்பளமும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் பெப்ரவரிக் கெடுவுக்கு முன் நடக்கும் பரிமாற்றங்களில் ஒரு நட்சத்திரத்தோடு சம்பந்தமில்லாத இரண்டு, மூன்று பேரும் சேர்ந்து இடம் மாறுகிறார்கள். ஒப்பந்தம் முறிந்தபோது உரிமையாளர்கள் கதவடைப்பும் செய்திருக்கிறார்கள்: 1998–99 பருவம் 50 ஆட்டங்களாகவும் 2011–12 பருவம் 66 ஆட்டங்களாகவும் சுருங்கின.

டிராஃப்ட் என்னும் இளம் வீரர் தெரிவும் இதே சமநிலைக்கான ஏற்பாடு. கடைசி இடத்துக்கு வந்தவருக்கே முதல் தெரிவு நிச்சயம் என்றால் வேண்டுமென்றே தோற்பார்கள் என்ற சந்தேகத்தால் 1985இல் குலுக்கல் வந்தது. அது தீராததால் 2019 முதல் மிக மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீத வாய்ப்பு என்று சமப்படுத்தினார்கள். என் பார்வையில் இன்னும் தீரவில்லை. மார்ச் மாதத்தில் அடிமட்ட அணிகளின் ஆட்டத்துக்காக அலாரம் வைக்கவேண்டாம்.

ஏப்ரலுக்குப் பின்

மண்டலத்தில் முதல் ஆறு அணிகள், சம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஓஃப் சுற்றுகளுக்கு நேரடியாகத் தகுதி பெறும். ஏழாவதும் எட்டாவதும் மோதி, வென்றவர் ஏழாம் இடத்தை எடுப்பார். தோற்றவர், ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் வென்றவரோடு மோதி எட்டாம் இடத்தைத் தீர்மானிப்பார். நம்முடைய நொக் அவுட் உணர்வு இந்த ஆட்டங்களில் ஓரளவு கிடைக்கும். அதன் பிறகு நான்கு சுற்றுகள், எல்லாம் ஏழு ஆட்டத் தொடர்கள், நான்கு வென்றவர் முன்னேறுவார். மேலான அணி முதல் இரண்டையும், ஐந்தாவதையும், ஏழாவதையும் தன் ஊரில் ஆடும். நேரம் குறைவென்றால் ஒரே தொடரைத் தெரிந்தெடுத்து முதல் ஆட்டத்திலிருந்து பாருங்கள்; முதல் ஆட்டத்தில் தோற்ற பயிற்சியாளர் இரண்டாவதில் யாரை யார்மேல் நிறுத்துகிறார் என்பதை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் காணமுடியாது.

பாடசாலை அணியில் ஆடுபவர்கள் ஒன்றை மனத்தில் வைக்கவேண்டும். நம் பாடசாலைப் போட்டிகள் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் (FIBA) விதிப்படி நடப்பவை. என்.பி.ஏ.யில் கால்பகுதி 12 நிமிடம், இங்கே நம் போட்டிகளில் 10. அங்கே ஆறாவது பவுலில் வெளியேறுவார்கள், இங்கே ஐந்தாவதிலேயே. மூன்று புள்ளிக் கோடு அங்கே நடுப்பகுதியில் 7.24 மீற்றர், இங்கே 6.75. பாதுகாப்பு வீரர் எவரையும் காக்காமல் கூடைக்கு அடியில் மூன்று செக்கனுக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதி என்.பி.ஏ.யில் 2001–02 முதல் உண்டு, ஃபீபாவில் இல்லை. தொலைக்காட்சியில் பார்த்ததை நம்பி உங்கள் உயரமான தோழரைக் கூடையடியை விட்டு வெளியே அனுப்பிவிடாதீர்கள். அவர் அங்கேயே நிற்கட்டும்.