எச்சரிக்கை வந்துவிட்டது, அப்புறம்? மோதல் தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1994 ஜனவரி 11. ருவாண்டாவில் ஐ.நா. அமைதிப்படைத் தளபதியாக இருந்த ரோமியோ டல்லேர் நியூயார்க் தலைமையகத்துக்கு ஒரு அவசரச் செய்தி அனுப்பினார். ஆயுதம் பதுக்கியிருக்கிறார்கள், சிறுபான்மை டுட்சி இன மக்களைப் பட்டியல் எடுக்கிறார்கள் என்று ஹூட்டு இன ஆயுதக் குழுவின் உள்ளிருந்தே ஒருவர் சொல்லியிருந்தார். 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்கப்போகிறேன் என்று டல்லேர் எழுத, வேண்டாம் என்று பதில் வந்தது. ஏப்ரலில் படுகொலை தொடங்கியது, சுமார் 100 நாளில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

தகவல் இல்லாததால்தான் வன்முறையைத் தடுக்க முடியவில்லை என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். அதனால் மென்பொருள், வரைபடம், வாராந்திர அறிக்கை என்று பணத்தை எல்லாம் தகவல் திரட்டுவதிலேயே கொட்டிவிடுகிறார்கள். சரி, சிவப்பு விளக்கு எரிந்தால் அன்று ராத்திரியே கிளம்பிப் போகப்போவது யார், வண்டிக்கு டீசல் எந்தக் கணக்கில் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதிலைத்தான் முதலில் எழுதி வைக்க வேண்டும்.

செத்தவர்களை மட்டும் எண்ணுவது அடுத்த தவறு. முதல் கொலை விழும்போதே நேரம் கடந்துவிட்டது. கென்யாவின் வஜீரில் 90-களின் தொடக்கத்தில் இனக்குழுச் சண்டை சந்தைக்குள்ளும் நுழைந்தபோது, எந்தக் குழுப் பெண்ணும் பயமில்லாமல் வாங்கலாம், விற்கலாம் என்று பெண்களே கூடி முடிவெடுத்து, அது நடக்கிறதா என்று கண்காணித்தார்கள். யார் யாரிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்பது சந்தையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிற அளவுக்குத் தலைநகரத்துக் கணினித் திரைக்குத் தெரியாது. அங்கிருந்து வளர்ந்த அமைதிக் குழுக்கள் பிறகு நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவின.

தகவலைக் காவல்துறையிடம் மட்டும் கொடுப்பதும் ஆபத்து. சொன்னவர் உளவாளி ஆகிவிடுவார், அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். 2007 தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த கென்யா, 2010 அரசியலமைப்பு வாக்கெடுப்புக்கு முன் எங்காவது பதற்றம் தெரிந்தால் 108 என்ற எண்ணுக்கு யாரும் இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. அரசும் அமைதி அமைப்புகளும் சேர்ந்து நடத்திய ஏற்பாடு அது. வந்த செய்திகள் அந்தந்த ஊர் அமைதிக் குழுக்களுக்கும் போயின. வாக்கெடுப்பு பெரிய கலவரம் இல்லாமல் முடிந்தது.

வளர்ச்சித் திட்டம் போடுகிறவர்கள் இதெல்லாம் தங்கள் வேலை இல்லை என்று ஒதுங்குவதும் வருத்தமான விஷயம். ஆழ்துளைக் கிணறு எந்தக் கூட்டத்தாரின் மேய்ச்சல் நிலத்தில் விழுகிறது என்று பார்க்காமல் தோண்டினால், தண்ணீரோடு சண்டையும் சேர்ந்து வரும்.

அப்புறம், எச்சரித்தும் கலவரம் எதுவும் நடக்கவில்லையே என்று நிதியை நிறுத்திவிடாதீர்கள். அது நடக்காமல் போனதற்குக் காரணமாக யாராவது இரவோடு இரவாக இரண்டு ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசியிருப்பார், அவரைக் கண்டுபிடித்துக் கேளுங்கள்.