மேடைப் பேச்சில் தொக்கி நிற்பதைக் கண்டறிவது எப்படி?

‘மக்கள்’ ஒருபுறம், அவர்களை ஏய்க்கும் மேல்தட்டினர் மறுபுறம் என்று பிரித்துப் பேசும் வலதுசாரி வெகுமக்கள்வாதப் பேச்சை ஆராய விரும்புபவர், முதலில் காணொளியை நிறுத்திவிட்டுப் பேச்சின் முழு எழுத்து வடிவத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். குரலும் கைதட்டலும் விலகிய பிறகுதான் வாக்கியங்கள் கோக்கப்பட்டுள்ள விதம் கண்ணில் படும்.

பேச்சாளர்மீதான நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதம் என இணங்கவைக்கும் வழிகளை அரிஸ்டாட்டில் மூன்றாக வகுத்தார். பலர் பேச்சை இம்மூன்றாகப் பிரித்ததோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் பெரிய பயன் விளைவதில்லை. அவர் ‘என்தைமீம்’ என்று அழைத்த வாதமுறையே இங்கு மிகக் கூர்மையான கருவி என்பது என் கருத்து. வேற்றுமைத்தொகையில் உருபு தொக்கி நிற்பதைப் போல, இதில் வாதத்தின் ஒரு படி சொல்லப்படாமல் தொக்கி நிற்கும். கேட்பவர் தாமே அதை நிரப்பிக்கொள்வதால், அதைத் தம் சொந்தக் கருத்தாகவே நம்பிவிடுவார்.

2016 ஜூலை 21 அன்று கிளீவ்லாந்தில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், இந்த அரசியல் அமைப்பைத் தன்னைவிட நன்கறிந்தவர் எவருமில்லை என்றும், அதனால்தான் தன்னால் மட்டுமே அதைச் சரிசெய்ய முடியும் என்றும் டொனால்ட் டிரம்ப் கூறினார். இவ்விரு கூற்றுகளையும் மேலும் கீழுமாக எழுதி, நடுவே இடம் விடுங்கள். மேல்வரியிலிருந்து கீழ்வரிக்கு வர, ‘நன்கறிந்தவரால்தான் திருத்த முடியும்’ என்ற கூற்று வேண்டும், அது விவாதிக்கத்தக்கது. ‘அந்த அறிவை அவர் நமக்காகவே பயன்படுத்துவார்’ என்ற இன்னொன்றும் வேண்டும். அதற்கு அந்த வாக்கியத்தில் சான்று எதுவுமில்லை. அவர்மீது கூட்டம் வைத்திருக்கும் நம்பிக்கையே அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. நம்பிக்கையும் வாதமும் தனித்தனிப் பெட்டிகள் அல்ல என்பது இங்கே புலப்படும்.

அடுத்து, ‘மக்கள்’ என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வோர் இடத்திலும் அதற்கு எதிரே நிறுத்தப்படுபவர் யார் என்று ஓரத்தில் குறியுங்கள். 2016 ஜூன் 24 அதிகாலையில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்கான பிரெக்சிட் வாக்கெடுப்பின் வெற்றியை ‘உண்மையான மக்களின்’ வெற்றி என்றார், விலகலுக்காகப் பிரசாரம் செய்த பிரிட்டிஷ் அரசியல்வாதி நைஜல் ஃபராஜ். எதிர்த்து வாக்களித்த 48 விழுக்காட்டினரைப் பெயர் சொல்லாமலே வெளியே தள்ளிய ஒற்றை அடைமொழி அது.

உணர்ச்சியைப் பொறுத்தவரை, கோபம் இகழப்பட்டோம் என்ற எண்ணத்தில் பிறக்கிறது என்ற அரிஸ்டாட்டிலின் விளக்கமே போதும்: இகழப்பட்டவர் யார், இகழ்ந்தவர் யார், எதனால் என்று கேளுங்கள். டிரம்பின் 2017 பதவியேற்புரையில் ‘மறக்கப்பட்ட’ மனிதர்கள் இடம்பெறுவதன் காரணம் இதில் விளங்கும்.

இறுதியாக, நீங்கள் உடன்படும் ஒருவரின் உரையிலும் இதே இடைவெளியை விட்டு எழுதிப் பாருங்கள். அங்கே தொக்கி நிற்பதைக் காண இருமடங்கு நேரம் ஒதுக்குங்கள்.