ரெண்டு பேருக்கு ரெண்டு லிட்டர் குக்கர்: செய்யக் கூடாதவை

காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் இப்போது ஆச்சியும் ஐயாவும் மட்டும்தான். மூன்று கட்டு வீடு, அடுப்படியில் 2 லிட்டர் குக்கர். ஆனால் கை, கூட்டத்துக்குச் சமைத்துப் பழகிய கை. ‘யாராவது வந்துவிட்டால்?’ என்று ஒரு பிடி கூடவே போடும். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எந்தக் குக்கரையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் அரிசி, பருப்புக்குப் பாதிதான், அதுவும் தண்ணீரோடு சேர்த்து. 200 மி.லி. டம்ளரால் ஒரு டம்ளர் கவுனி அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர் விட்டாலே 1 லிட்டர் ஆகிவிடும். நான் ஒருமுறை ஒன்றரை டம்ளர் போட்டேன். மூன்றாவது விசிலில் கருஞ்சிவப்புக் கஞ்சி பீய்ச்சியடித்துச் சுவரெல்லாம் கோலம். இரவே ஊறவைத்து, முக்கால் டம்ளரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கவுனியின் தவிடு வெயிட் உட்காரும் குழாயில் போய் ஒட்டிக்கொள்ளும். மூடும் முன் மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். துளை வழியே வெளிச்சப் பொட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு தென்னை ஈர்க்கு போதும்.

நேரமாகியும் விசில் வரவில்லையா? தீயைக் கூட்டாதீர்கள், அணைத்துவிடுங்கள். கரண்டியால் வெயிட்டைத் தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே ஆவி அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை சூடாகியிருக்கும். அழுத்தம் சட்டென்று விட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்துக் கிளம்பும். தானே அடங்கட்டும்.

அப்புறம், சின்னக் குக்கரில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றினால் சேஃப்டி வால்வு உருகி ஆவியை வெளியே விடும். அதன் வேலையே அதுதான். ‘அடிக்கடி போகுது’ என்று அந்த இடத்தில் போல்ட்டை முடுக்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐயா, வேண்டவே வேண்டாம்! அதே கம்பெனி வால்வையே வாங்கிப் போடுங்கள்.

பெரிய பர்னரில் வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியைக் கருக்கும், ரப்பரையும் கெடுக்கும். ஒற்றைக் கைப்பிடிக் குக்கர் அகலமான ஸ்டாண்டில் சாயவும் செய்யும். சின்ன பர்னர்தான் இதற்கு. ரப்பரைக் கழுவி, மூடியில் மாட்டாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் புதிது மாற்றிவிடுங்கள்.