கார்ப்பெட்டின் அடியில் தூள் கொட்டுகிறதா?

கார்ப்பெட்டைத் தூக்கினால் தரையெல்லாம் வெள்ளைத் தூள். பெருக்கித் தள்ளினாலும் மறுவாரம் திரும்ப வந்துவிடும். அது தெருப் புழுதி இல்லை, உள்ளே பூசிய ரப்பர் பால் காய்ந்து உதிர்கிறது.

எங்கள் ஹாலில் கிடப்பது உத்தரப் பிரதேசத்துப் பதோஹியில் செய்த 4க்கு 6 அடி கம்பளிக் கார்ப்பெட். கையால் முடிச்சுப் போட்ட ரகமாக இருந்தால், புரட்டினால் பின்பக்கமும் அதே பூ தெரியும். இதில் பின்னால் ஒட்டிய வெறும் துணிதான் தெரிகிறது. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலை உள்ளே இருக்கும் வேறொரு துணியில் குத்தி இறக்கியிருக்கிறார்கள், முடிச்சே கிடையாது. நூலைப் பிடித்து நிறுத்துவது சுண்ணாம்புத் தூள் கலந்த அந்த ரப்பர் பால்தான். அதனால் கழன்ற பின்துணியை மட்டும் திரும்ப ஒட்டிப் பிரயோஜனமில்லை, பொடிந்த ரப்பரை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

மாஸ்க் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் ஷீட் மேல் கார்ப்பெட்டைக் குப்புறப் போடுங்கள். ஓரத் தையலைப் பிரித்து, பழைய துணியை மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் இழுத்தால் நூலும் சேர்ந்து வரும். அங்கே துணியைக் கத்தரித்து விட்டுவிடலாம். பொடிந்த ரப்பரைப் பட்டி பிளேடால் சுரண்டி, வாக்குவம் கிளீனரின் வெறும் குழாயால் உறிஞ்சுங்கள். விரலால் தேய்த்தால் தூள் ஒட்டக் கூடாது, அதுவரை விடாதீர்கள். பாதி நேரம் இதற்கே போகும். நூல் குத்திய உள்துணியே நைந்து கிழிகிறதென்றால் இத்தோடு நிறுத்திவிடுங்கள், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

மேலே வழுக்கை விழுந்த இடங்களில் கம்பளி நூலை ஊசியில் கோத்து இப்போதே தைத்துவிடுங்கள். அப்புறம் டேப்பால் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் இழுத்து நேராக்குங்கள்; ரப்பர் காய்ந்தபின் கோணல் கோணல்தான்.

கார்ப்பெட்டுக்கென்று விற்கும் ரப்பர் பாலே வாங்குங்கள். மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை விறைத்துக்கொள்ளும், சுருட்டினால் வெடிக்கும். ரப்பர் பாலில் அம்மோனியா நெடி இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் மட்டும் ஊற்றாதீர்கள். செம்பு பட்டால் ரப்பர் சீக்கிரம் கெடும். பழைய பெயிண்ட் வாளி போதும்.

முதல் பூச்சு மெல்லிசாக. பிளேடால் அழுத்தி, நூல் கண்ணிகளுக்கு இடையில் இறங்கும்படி இழுங்கள். கொட்டினால் மேல்பக்கம் கசிந்து கம்பளியில் ஒட்டிக்கொள்ளும். நிழலில், ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி காயட்டும்.

மறுநாள் இரண்டாம் பூச்சு. ஈரம் இருக்கும்போதே காடாத் துணியைப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். துணியை முன்கூட்டியே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சுருங்கி ஓரம் மடங்கிக்கொள்ளும். சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாக விடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அதை உள்ளே மடித்து, வளைந்த ஊசியும் தடித்த பருத்தி நூலுமாக ஓரம் தைத்தால் வேலை முடிந்தது.

இனி ஊறவைத்துத் துவைக்கக் கூடாது, வெயிலும் ஆகாது. என் அத்தை போகிக்கு முன் வீட்டில் உள்ள துணிமணி முழுக்க மொட்டை மாடியில் பரப்பிவிடுவார். இதை மட்டும் நான் தரமாட்டேன்.